மண்டபமா, மைதானமா, டிவியா? தோட்டத்தில் மாதம் ஒரு படம் போட நினைப்பவர்களுக்கு

பொங்கல் முடிந்த கையோடு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன்கள் நாலு பேர் வந்தார்கள். "அண்ணே, நாங்களும் மாசம் ஒரு படம் போடலாம்னு இருக்கோம். புரொஜெக்டர் என்ன விலை வரும்?" அடுத்த மாதம் மஸ்கெலியாப் பக்கத்து மகளிர் சங்கத்து அக்கா ஒருவரும் ஏறக்குறைய இதையே கேட்டார். விலையை அப்புறம் பார்ப்போம், முதலில் எந்த இடத்தில் போடப்போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். இரண்டு தரப்புமே அதை யோசித்திருக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் மாதாமாதம் படம் போடும் நாங்களும் ஆரம்பத்தில் யோசிக்காமல்தான் இறங்கினோம்.

இலங்கை மலையகத் தோட்டங்களில் படம் போடுவது புதுசும் இல்லை. கோயில் திருவிழாவுக்கு டவுனிலிருந்து டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்து, விடிய விடிய மூன்று படம் ஓட்டிய காலம் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். வருஷத்துக்கு ஒரு இரவு அப்படிச் செய்வது சுலபம். மாதம் தவறாமல், சம்பளம் வாங்காத நாலைந்து பேர் சேர்ந்து செய்வதுதான் கஷ்டம். கையில் இருக்கும் வழிகள் மூன்று: தோட்டத்து மண்டபத்தில் புரொஜெக்டர், திறந்த மைதானத்தில் பெரிய திரை, பிள்ளை மடுவம் (வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம்) போன்ற சின்ன இடத்தில் பெரிய டிவி.

எதை வைத்து அளப்பது

முதலாவது, ஆள்பலம். படம் தொடங்கும்போது உதவிக்குப் பத்துப் பேர் நிற்பார்கள். முடிந்து இரவு பத்து மணிக்கு வயர் சுருட்ட எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைதான் உங்கள் குழு.

இரண்டாவது மழை. நனைவது மட்டும் இல்லை, மழைச் சத்தமும் கணக்கில் சேரும்.

மூன்றாவது, யார் வந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்பது. காலையில் மலைக்கு ஏறிப் பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்து, வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும் பெண்களுக்கு இரவு ஏழரை மணிப் படம் எட்டாது. அவர்கள் வர வேண்டுமென்றால் நேரத்தை அவர்களுக்குத் தோதாக வைக்க வேண்டும், நேரத்துக்கு ஏற்றபடி இடத்தைத் தேட வேண்டும். இதை நாங்கள் எட்டு மாதம் கழித்துத்தான் புரிந்துகொண்டோம். அதுவரை "பொம்பளைங்களுக்குப் படத்துல ஆர்வம் இல்ல" என்று எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தோம் என்பதை வெட்கத்தோடு சொல்லிவைக்கிறேன்.

பிறகு அனுமதி, பிறகு காசு. காசைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், பெரிய செலவுகள் கடை பில்லில் வருவதில்லை.

மண்டபத்தில் புரொஜெக்டர்

பெரும்பாலானோர் மனதில் முதலில் வருவது இதுதான். கூரை உண்டு, கரண்ட் உண்டு, கதவைப் பூட்டலாம், நூறு பேர் உட்காரலாம். 3,000 லூமென் வெளிச்சம் உள்ள சாதாரண அலுவலகப் புரொஜெக்டர் ஒன்றும், 2.4 மீற்றர் அகலத்துக்கு வெள்ளை பூசிய சுவரும் இருந்தால் படம் அருமையாக விழும். அந்த அகலம் வர வேண்டுமானால் புரொஜெக்டரைச் சுவரிலிருந்து நாலு, நாலரை மீற்றர் தள்ளி வைக்க வேண்டியிருக்கும். அதாவது அது கூட்டத்துக்கு நடுவில் நிற்கும். குறுக்கே ஓடும் பிள்ளைகளின் நிழல் கதாநாயகன் முகத்தில் விழும். மேசை மேல் மேசை போட்டு உயர்த்தி, வயர் போகும் பாதையில் பாய் விரிக்காமல் விட்டால் அது தீர்ந்துவிடும். திரைச்சீலைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். மேடுபள்ளம் இல்லாத சுவரில் மினுங்காத வெள்ளைப் பெயின்ட் இரண்டு பூச்சு போதும். படுக்கை விரிப்பைக் கட்டினால் வெளிச்சத்தில் ஒரு பங்கு பின்பக்கம் போய்விடும்.

எங்கள் முதல் அடி கூரையிலிருந்து விழுந்தது. தகரக் கூரை. இடைவேளைக்குப் பிறகு மழை பிடித்தது, கடைசி முக்கால் மணி நேரம் ஒரு வசனம்கூடக் கேட்கவில்லை. ஸ்பீக்கரைக் கூட்டினோம், மழையும் கூட்டியது. ஏற்கெனவே அந்தப் படத்தைப் பார்த்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து நின்று, "இப்ப அவ அண்ணன்கிட்ட உண்மைய சொல்றா" என்று கதை சொல்லி முடித்துவைத்தார். அன்று எல்லோரும் சிரித்தார்கள், இரண்டாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. ஹட்டன், கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. தகரக் கூரை மண்டபத்தை நம்பினால் வருஷத்தில் பாதி மாதங்கள் போய்விடும். ஓட்டுக் கூரையோ உள்ளே சீலிங்கோ இருந்தால் நிலைமை வேறு. ஆகவே மண்டபத்தைத் தேர்வு செய்ய முன் ஒரு மழை நாளில் உள்ளே போய் நின்று, பத்தடி தூரத்தில் ஒருவரைச் சாதாரணக் குரலில் பேசச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது கரண்ட். பழைய வகை லாம்ப் புரொஜெக்டரை நிறுத்தினால் விசிறி கொஞ்ச நேரம் ஓடிச் சூட்டைத் தணித்த பிறகுதான் அடங்கும். கரண்ட் சட்டென்று போனால் விசிறியும் நின்றுவிடும், லாம்பின் ஆயுள் குறையும். மலையில் கரண்ட் போக 2022 பொருளாதார நெருக்கடி மாதிரி ஒன்றும் தேவையில்லை, கம்பியில் ஒரு சவுக்கு மரம் சாய்ந்தால் போதும். கணினிக்கு வைக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றைப் புரொஜெக்டருக்கு மட்டும் கொடுத்துவைத்தால் ஒழுங்காக நிறுத்தச் சில நிமிடம் கிடைக்கும். பாவித்த புரொஜெக்டர் மலிவாக வருகிறதென்றால் அதன் மெனுவில் லாம்ப் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். லாம்ப்கள் பொதுவாக 3,000 முதல் 5,000 மணி நேரம் தாங்கும். எங்களுக்குக் கிடைத்த "மலிவு" புரொஜெக்டர் நாலாவது படத்தில் மங்கிவிட்டது. புது லாம்ப் விலை கேட்ட அன்று சங்கம் கலையப் பார்த்தது.

மூன்றாவது பூஞ்சணம். நுவரெலியா, கொட்டகலை, ராகலை போன்ற குளிர்ந்த ஈரமான இடங்களில் பெட்டியில் பூட்டிய லென்ஸில் சில மாதத்திலேயே வெள்ளை நூல் படரும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா பையும் வேண்டும். அதோடு யாராவது ஒருவர் வீட்டில், அடுப்புப் புகை எட்டாத மூலையில் அது இருக்க வேண்டும். லயத்து வரிசை வீட்டில் அப்படி ஒரு மூலை கிடைப்பது லேசில்லை.

நாலாவது திறப்பு, அதாவது சாவி. மண்டபத் திறப்பு எப்போதும் ஒருவரிடம் இருக்கும், அந்த ஒருவர் உங்கள் படத்தன்று கொழும்பில் இருப்பார். இரண்டாவது திறப்புக்கு முதலே பேசிவையுங்கள்.

அனுமதி என்று பார்த்தால், மண்டபம் தோட்ட நிர்வாகத்தின் கீழ் இருந்தால் துரைக்கு (தோட்ட மேலாளருக்கு) ஒரு கடிதம், தொழிற்சங்கத் தலைவருக்கு ஒரு வார்த்தை. தலைவர்கள் இரண்டு மூன்று சங்கத்தைச் சேர்ந்தவர்கள் என்றால் எல்லோருக்கும் ஒரே நாளில் சொல்லிவிட வேண்டும். பாடசாலை மண்டபம் பெரும்பாலும் இதைவிட நல்லது, சத்தம் குறைவு, கழிப்பறையும் இருக்கும். ஆனால் அதிபர் தனியாகச் சரி சொல்லிவிட முடியாது, வலயக் கல்விப் பணிமனை வரை போக வேண்டி வரும். சாதாரண தரம், உயர்தரப் பரீட்சைக் காலங்களில் கேட்கவே கூடாது.

திறந்த மைதானம்

இதைப் போல ஒரு சந்தோஷம் வேறெதிலும் இல்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கச்சான் கொறித்துக்கொண்டு, நாலு டிவிஷன் ஆட்களும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். மாசியில் காமன் கூத்து பார்க்க இப்படித்தான் இரவில் கூடி உட்கார்ந்து பழகியிருக்கிறோம். முன்னூறு பேர் வந்தாலும் இடம் போதும்.

மாதா மாதம் செய்ய மட்டும் முடியாது. சூரியன் மறைவது வருஷம் முழுக்க ஏறக்குறைய ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையில். திரை தெளிவாகத் தெரிய ஏழு மணி ஆகும். இரண்டரை மணி நேரப் படம் ஒன்பதரைக்கு முடியும், இரவு பத்துக்குப் பிறகு ஒலிபெருக்கிக்கு இடமில்லை. ஆக நடுவில் ஒரு முறை கரண்ட் போனாலும் கடைசிக் காட்சி இல்லை. அதுவுமில்லாமல் வெளியில் ஒலிபெருக்கி வைப்பதற்குப் பொலிஸ் அனுமதி முன்கூட்டியே எடுக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரின் கடிதம் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

அடுத்தது காற்று. நாலு மீற்றர் அகலத் திரை என்றால் பரப்பளவு 9 சதுர மீற்றர், அசல் பாய்மரம். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகக் காற்று அதன் மீது ஐம்பது, அறுபது கிலோ எடையைப் போல அழுத்தும். இரண்டு மூங்கிலும் கயிறும் அதற்குத் தாங்காது. காற்பந்து கோல் கம்பத்தில் கட்டினால் தாங்கும், கம்பம் துருப்பிடிக்காமல் இருந்தால். வெளிச்சம் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள், அதற்குக் காரணமில்லை. நன்றாக இருட்டிவிட்டால் 3,000 லூமென் இந்த அளவு திரைக்குத் தாராளம். பக்கத்துத் தெருவிளக்கைத்தான் எப்படியாவது அணைக்க வேண்டும்.

எப்போது போடுவது என்பதற்கு எங்களிடம் ஒரு கணக்கு உண்டு. தேயிலை நல்ல ருசிக்கு வரும் காலம்தான் மைதானத்துப் படத்துக்கும் காலம், இரண்டுக்கும் வேண்டியது வறண்ட வானிலை. திம்புள்ளை, ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று ஊவாப் பக்கம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. ஊவாவில் அந்த மாதங்களில் மழை இல்லாவிட்டாலும் காற்று பலமாக அடிக்கும், திரையைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி பிடிக்கும். கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு அது பெரிய விஷயம்.

மைதானத்தின் மறைந்த செலவு பெரும்பாலும் காசில் வராது. சனிக்கிழமை இரவு, அதுவும் பத்தாம் திகதிச் சம்பளத்தை ஒட்டிய சனிக்கிழமை என்றால், தண்ணி போட்டுவிட்டு வரும் நாலு பேர் எங்கிருந்தாவது வருவார்கள். ஒரு சின்னத் தள்ளுமுள்ளு போதும், அடுத்த மாதம் பெண்பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். அப்புறம் வீடு திரும்பும் வழி. தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதை, மூடுபனி, சில தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம். தூரத்து லயத்துக்காரர்களைக் கும்பலாக, டோர்ச்சோடு அனுப்பிவைக்கும் பொறுப்பும் படம் போடுபவர்களுடையதுதான். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு இது தாங்காத பாரம்.

பிள்ளை மடுவத்தில் பெரிய டிவி

இதைச் சொன்னால் பையன்கள் முகம் சுருங்கிவிடும். "வீட்டிலயே டிவி இருக்கேண்ணே, இதுக்கு யாரு வருவா?" நானும் அப்படித்தான் கேட்டேன். வந்தார்கள்.

55 அங்குல டிவியின் திரை ஏறக்குறைய 122 சென்ரிமீற்றர் அகலம், 68 சென்ரிமீற்றர் உயரம். இருபத்தைந்து, முப்பது பேர் வசதியாகப் பார்க்கலாம், அதற்கு மேல் பின்வரிசைக்குக் கீழ்வரி எழுத்துத் தெரியாது. முன்னே பாய், நடுவில் வாங்கு (பெஞ்சு), பின்னே நாற்காலி என்று வைத்து, டிவியின் அடி விளிம்பு முன்வரிசைத் தலைக்கு மேல் வரும்படி உயர்த்தினால் சரி. கரண்டும் நூறு, நூற்றைம்பது வோட்தான் இழுக்கும்.

இதன் பெரிய பலம், இருட்டு தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரைக்குப் போட்டு ஐந்துக்கு முடித்துவிடலாம். உடுப்புத் துவைத்து, சமைத்து முடித்த பெண்கள் பிள்ளைகளோடு வருகிறார்கள், வெளிச்சத்திலேயே வீடு போகிறார்கள். மடுவத்தில் பாய் உண்டு, சின்னக் கழிப்பறை உண்டு, ஞாயிறு பூட்டித்தான் கிடக்கிறது. பொறுப்பான அக்காவும் நிர்வாகமும் சம்மதித்தால் போதும், படம் முடிந்ததும் கூட்டிக் கழுவிக் கொடுத்துவிட வேண்டும். படம் முடிந்த பிறகு பேச்சு நடப்பதும் இங்கேதான். மைதானத்தில் முன்னூறு பேர் எழுந்து போய்விடுவார்கள். மடுவத்தில் பிளேன்டீயோடு அரைமணி நேரம் உட்கார்ந்து, "அந்த மாமியார் செஞ்சது சரிதான்" என்று சண்டை பிடிப்பார்கள்.

குறைகளும் உண்டு. டிவியைக் குழி விழுந்த தோட்டத்து ரோட்டில் ஆட்டோவில் படுக்கப்போட்டுக் கொண்டுபோனால் திரை வெடித்துவிடும். நிமிர்த்தி, இருவர் பிடித்துத்தான் கொண்டுபோக வேண்டும். பக்கத்து வீட்டு டிவியை இரவல் வாங்குவதாக இருந்தால், உடைந்தால் யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பென் டிரைவில் போட்ட படத்தை முதல் நாளே அதே டிவியில் ஓட்டிப் பார்ப்பது கட்டாயம். சில டிவிகளுக்குச் சில ஒலி வகைகள் பிடிக்காது, படம் ஓடும், சத்தம் வராது. பழைய முறையில் போர்மட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறவும் ஏறாது. டிவியின் சொந்த ஸ்பீக்கர் முப்பது பேருக்குப் போதாது, சின்ன ஸ்பீக்கர் ஒன்று வேண்டும்.

ஒரு பார்வையில்

| | மண்டபம், புரொஜெக்டர் | மைதானம் | மடுவம், டிவி |
|---|---|---|---|
| கொள்ளளவு | 60–100 பேர் | 300 வரை | 25–30 பேர் |
| கடைசிவரை நிற்க வேண்டிய ஆள் | 4–5 | 10க்கு மேல் | 2 |
| மழை | தகரம் என்றால் சத்தம் கெடும் | நடக்காது | பெரும்பாலும் பிரச்சினையில்லை, கூரையைப் பாருங்கள் |
| நேரம் | இரவு, அல்லது ஜன்னலை மறைத்தால் பகல் | இரவு ஏழுக்குப் பிறகு மட்டும் | எந்த நேரமும் |
| அனுமதி | நிர்வாகம் அல்லது பாடசாலை | நிர்வாகம், பொலிஸ் | மடுவப் பொறுப்பாளர், நிர்வாகம் |
| மறைந்த செலவு | லாம்ப், பூஞ்சணம், திறப்பு | தள்ளுமுள்ளு, வழித்துணை, ஜெனரேட்டர் எண்ணெய் | உடைந்தால் யார் கட்டுவது |

வாங்குவதா, வாடகையா

ஆறு காட்சி முடியும் வரை எதையும் வாங்காதீர்கள். கல்யாணவீட்டு வீடியோக்காரர்களிடம் புரொஜெக்டர், ஸ்பீக்கர், திரை எல்லாம் ஒன்றாக வாடகைக்கு வரும், கரண்ட் போனால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆறாவது காட்சிக்கும் அதே நாலு பேர் வயர் சுருட்ட நின்றால் வாங்குவதைப் பற்றிப் பேசலாம். வருஷத்துக்கு மூன்று நாலு தடவைதான் என்றால் வாடகையே மலிவு.

நாற்காலி, தறப்பாள், பெரிய கேத்தல், சில இடங்களில் ஜெனரேட்டர்கூட, சாவு வீட்டுக்கு உதவும் மரணாதாரச் சங்கத்திடம் இருக்கும். கேட்டால் தருவார்கள். தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் நாற்காலிகள் அங்கே போய்விடும், படமும் அன்று இல்லை, இருக்கவும் கூடாது. மாதத்துக்கு மாற்று ஞாயிறு ஒன்றை முன்கூட்டியே குறித்துவைத்தால் குழப்பம் வராது.

டிக்கெட் விற்பதை நான் விரும்புவதில்லை. காசு வாங்கி உள்ளே விட்ட உடனே பிரதேச சபையின் களியாட்ட வரி பற்றிய கேள்வி எழும், "காசு குடுத்தோம்ல" என்ற அதிகாரமும் கூடவே வரும். வாசலில் ஒரு தகர டப்பா வைத்தால், கணக்கை அடுத்த மாதம் எல்லோர் முன்னும் வாசித்தால் போதும்.

எந்தப் படம்

இடம் எதுவானாலும் இது பொது. டிவிடி வாங்கியிருக்கிறோம், இணையத்தில் மாதச் சந்தா கட்டியிருக்கிறோம் என்பது வீட்டில் பார்க்கத்தான். ஊரைக் கூட்டிக் காட்ட உரிமையாளரின் அனுமதி தனியாக வேண்டும், இலவசமாகப் போட்டாலும். இலங்கையில் இது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. பொதுக் காட்சிகளுக்கான தணிக்கையோ 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒன்றிலிருந்து தொடர்கிறது, தணிக்கைச் சான்றிதழ் உள்ள படமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய நடிகர்களின் புதுப்படத்துக்கு எங்களைப் போன்றவர்கள் அனுமதி வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. மலையகத்துப் பிள்ளைகள் எடுத்த குறும்படங்களுக்கு அப்படியில்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் சரி என்பார்கள், பல நேரம் ஆளே பஸ் ஏறி வந்து நிற்பார். மூன்று குறும்படம், நடுவில் தேத்தண்ணி என்று போட்ட ஞாயிறுதான் எங்கள் மடுவத்தில் இடமில்லாமல் ஜன்னலில் ஆள் நின்ற நாள். உரிமைக் காலம் முடிந்த பழைய மௌனப் படங்களும் கைகொடுக்கும். பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளும் சேர்ந்து சிரிக்கலாம், தகரக் கூரையில் மழை பெய்தாலும் கவலை இல்லை. பின்னாளில் புதிதாகச் சேர்த்த இசைக்கு மட்டும் தனி உரிமை இருக்கக்கூடும்.

சரி, யாருக்கு எது

கடைசிவரை நிற்பவர்கள் இருவர் மூவர் என்றால் யோசிக்க வேண்டாம், மடுவமும் டிவியும். பெண்களும் பிள்ளைகளும் வர வேண்டும் என்றாலும் அதுவே. ஓட்டுக் கூரை மண்டபம், இரண்டு திறப்பு, ஐந்து பேர், இந்த மூன்றும் இருந்தால் புரொஜெக்டருக்குப் போகலாம். இளைஞர் கழகம், கோயில் கமிட்டி, மகளிர் சங்கம் மூன்றும் கைகோர்க்கும் தோட்டம் என்றால் மைதானம், அதுவும் வருஷத்துக்கு ஒன்று.

மஸ்கெலியா அக்காவுக்கு மடுவத்தைச் சொன்னேன், அடுத்த ஞாயிறே தொடங்கிவிட்டார். பையன்களுக்கும் அதையே சொன்னேன். அவர்கள் கேட்கவில்லை, மைதானம்தான் என்று நிற்கிறார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு அடுத்த சனிக்கிழமை வைத்திருக்கிறார்கள். சரி, எங்களிடம் இருக்கும் நீண்ட வயரையும் ஆறு டோர்ச்சையும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். திரை கட்ட கோல் கம்பத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன், இன்னும் தகவல் இல்லை.